பஞ்சு படக்கூடாத பொம்மைகள்

இந்தக் காலத்தில் குழந்தைகள் பொம்மை கேட்டு அழுவதில்லை. மீசை முளைத்த ஆண்கள்தான் கேட்கிறார்கள். குழந்தைகள் கையில் செல்போன் இருக்கிறது, அதைப் பிடுங்கினால்தான் அழுகை. சம்பாதிக்கிற வயதில் இருப்பவர்களோ விரல் உயரத்துக்குச் சிப்பாய் பொம்மைகளை வாங்கி மேஜைமேல் நிறுத்தி, பகடை உருட்டி, நீ செத்தாய் நான் செத்தேன் என்று பகல் முழுக்கச் சண்டை போடுகிறார்கள். அந்தப் பொம்மைகளுக்கு வண்ணம் பூசித் தர வேறொரு ஆள். அந்த ஆளின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. செல்போனில் ஒரு படம் வரும், அதைப் பார்த்து வேலை கொடுத்துவிடுவார்கள். பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஒரு கன்றுக்குட்டியைக்கூடக் கைமாற்றாத முனிகிருஷ்ணனுக்கு இதெல்லாம் தலைக்குள் ஏறவே இல்லை.

ஏறாவிட்டால் என்ன? வெதுருகுப்பத்திலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், அன்று காலை, அப்படிப்பட்ட பொம்மைகள் அடங்கிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர்தான். பக்கத்தில் மருமகள் பிரமிளா.

பிரமிளா முன்பு புத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போனவள். விடியும் முன்பு வேன் வரும். சில வாரம் இருட்டியபிறகு வரும். முதுகுவலி வந்து நின்றுவிட்டாள். வீட்டில் இருந்தபோது செல்போனில் பார்த்துப் பார்த்து இந்தச் சின்னப் பொம்மைகளுக்கு வண்ணம் பூசக் கற்றுக்கொண்டாள். திருப்பதியில் சாய்குமார் என்று ஒருவன். பொம்மைச் சண்டைக்காரர்கள் கூடும் கடை வைத்திருக்கிறான். அவன் ஒரு படையை அனுப்பி, பூசிக் கொண்டுவரச் சொல்லியிருந்தான். அது பிடித்துப்போனால் மாதாமாதம் வேலை. பிடிக்காவிட்டால் வருகிற திங்கட்கிழமை மறுபடி கம்பெனி வேன்தான். முனிகிருஷ்ணனின் மகன் சுதீர், சூப்பர்வைசரிடம் பேசியே வைத்துவிட்டான்.

அந்தப் படையை வீட்டில் காப்பாற்றியதே பெரிய பாடு. ஷீட் போட்ட வீடு. வெயிலில் மேலே வைத்தால் ஈட்டிகள் வளைந்துபோகும் என்று கட்டிலுக்கு அடியில், சில்லென்ற தரையில் வைப்பாள். பல்லி எச்சம் விழாமலிருக்க, சோற்றை மூடும் வலைக்கூடையைக் கவிழ்ப்பாள். கோழி உள்ளே வந்தால் தூரிகையோடு ஓடுவாள். “தலயத் தொடாதீங்க மாமா, அடியத்தான் புடிக்கணும்” என்று அவரிடமும் சொல்லியிருந்தாள். அவர் எதற்குத் தொடப்போகிறார்?

பயணத்துக்கு அவள் செய்த ஏற்பாட்டைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அடியில் எண்ணெய் டின்னிலிருந்து வெட்டிய தகரம். ஒவ்வொரு பொம்மையின் பாதத்துக்குக் கீழும் மிளகு அளவு காந்தம். தகரத்தில் வைத்தால் டக்கென்று ஒட்டிக்கொண்டு நிற்கும். சுற்றிலும் வேறு ஒன்றும் கிடையாது. வைக்கோல் கிடையாது, துணி கிடையாது, ஒரு காகிதம்கூடக் கிடையாது. உமிக்குள் புதைத்த முட்டையே அந்த ரோட்டில் விரிசல் விடும். இவள் மிளகு அளவு காந்தத்தை நம்புகிறாள்.

காலையில் அவள் பெட்டியை மூடி, எலாஸ்டிக் பட்டையைச் சுற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். முனிகிருஷ்ணன் பழைய தலையணை ஒன்றைக் கிழித்தார். இலவம்பஞ்சைக் கைநிறைய எடுத்து, பொம்மைக்குப் பொம்மை இடைவெளி தெரியாதபடி அடைத்து, மூடியை அழுத்தி, பட்டையைப் பழையபடி மாட்டிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். கேட்காமல் செய்தால் பத்திரமாகப் போய்ச் சேரும். அவ்வளவுதான் அவர் கணக்கு.

பஸ்ஸில் கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. கண்டக்டர் நெருக்கிக்கொண்டு வந்து, “பெத்தாயனா, பெட்டி பைன பெட்டு” என்று தெலுங்கில் சொல்லி மேல் தட்டைக் காட்டினார்.

“மேல வச்சா நீ வந்து புடிச்சிக்கினு நிப்பியா?” என்றார் முனிகிருஷ்ணன் தமிழில்.

கண்டக்டரும் தமிழுக்கு மாறினார். “உள்ள இன்னா, முட்டையா?”

“பொம்ம.”

கண்டக்டர் அவருடைய நரைத்த தலையை ஒருமுறை பார்த்தார். “சரி சரி, வெளயாடற வயசுதான். வச்சிக்கோ.”

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். பிரமிளாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பச்சிகாபல்லம் தாண்டியதும் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. எல்லோர் தலையும் ஒரே பக்கம் சாய்ந்தது. முனிகிருஷ்ணன் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவருக்குள் ஒரு நிறைவு. பஞ்சு வேலை செய்கிறது.

“பயப்படாதீங்க மாமா, அது ஆடாது. எனக்கு அந்த டிராகன் மேலதான் கண்ணு” என்றாள் பிரமிளா.

“எது, அந்த ரெக்க வச்ச பல்லியா?”

“ஆமா. நேத்து மழ ஈரத்துல வார்னிஷ் காயல. இன்னிக்குக் காலையில இன்னொரு வாட்டி அடிச்சேன். தொட்டா ஒட்டாது. ஆனா உள்ளுக்குள்ள இன்னும் காயாம பச்சையாத்தான் கீது.”

முனிகிருஷ்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “பச்சையா இருந்தா இன்னா?”

“ஒண்ணும் ஆவாது. அதுமேல எதுவும் படாம இருந்தா போதும். அதுக்குத்தானே காந்தம் வச்சி, சுத்தி வெறுமையா உட்டிருக்கேன்.”

“எதுவும்னா?”

“துணி, பேப்பரு, எதுவானாலும். இந்த வெயில்ல அப்டியே புடிச்சிக்கும்.”

அவர் தொண்டையைச் செருமினார். “பஞ்சு?”

பிரமிளா சிரித்தாள். “பஞ்சு பட்டா அவ்ளோதான் மாமா. பூன முடி முளச்ச மாதிரி ஆயிடும். திங்கக்கெழம நான் வேனுக்கு நிக்க வேண்டியதுதான்.”

பெட்டி மடியில் சுட்டது. நிஜமாகவே சுட்டது, வெயில் அவர் பக்கத்து ஜன்னல் வழியாக நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. தோளிலிருந்த துண்டை எடுத்து மூடினார். துண்டு போட்டால் உள்ளே இன்னும் புழுங்குமோ என்று எடுத்தார். மறுபடி போட்டார்.

“இன்னா மாமா, குடுங்க, நான் வச்சிக்கிறேன்.”

“வேணா. நான் வச்சிக்கினு கீறேன்.”

சொல்லிவிடலாம். சொன்னால் இந்தக் கூட்டத்தில் திறக்கப் பார்ப்பாள், ஒரு முழங்கை இடித்தால் எல்லாம் போகும். சொல்லாவிட்டால் அந்தக் கடையில், அந்த மீசைக்காரர்கள் முன்னால் அவளே திறப்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. தவிர, அவள் சொல்வதும் எவ்வளவு உண்மையோ. கையில் ஒட்டாத வண்ணம் பஞ்சில் மட்டும் எப்படி ஒட்டும்? அவளே சும்மா பயப்படுகிறாளோ என்னவோ. ஆனால் அந்த எண்ணம் ஒரு மைல்கூட நிலைக்கவில்லை.

பல நாள் கண்விழித்த அசதியில் பிரமிளாவின் தலை முன்சீட்டுக் கம்பியில் சாய்ந்தது. தூங்கிப்போனாள்.

முனிகிருஷ்ணன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எலாஸ்டிக் பட்டையை மெதுவாக ஓரம் தள்ளினார். மூடியை ஒரு விரல்கடை தூக்கினார். வெள்ளையாகப் பஞ்சு பிதுங்கியது. மூலையில் கொஞ்சம் பிடித்து இழுத்தார், வந்தது. இன்னும் கொஞ்சம், அதுவும் வந்தது. மனசு லேசானது. இப்படியே திருப்பதி போவதற்குள் அத்தனையும் எடுத்துவிடலாம் என்று மூன்றாவது பிடியை இழுத்தபோது ஏதோ தடுத்தது. பஸ் குலுங்கியது. பஞ்சு வெடுக்கென்று கையோடு வந்தது.

அதற்குள் ஊசிபோல ஒன்று. ஈட்டி. அதைப் பிடித்திருந்த கையும் சேர்ந்தே வந்திருந்தது. அரிசி அளவு கை. அதில் நகம்கூட எழுதியிருந்தாள்.

மூடியை அப்படியே விட்டார். பட்டையை மாட்டினார். அது இரண்டு தரம் நழுவியது. ஈட்டியைச் சட்டைப்பையில் போட்டு, பைமேல் உள்ளங்கையை வைத்தபடியே திருப்பதிவரை வந்தார். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாள், நெஞ்சு வலியா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பிரமிளா ஷேர் ஆட்டோ பக்கம் நடந்தாள். மொட்டையடித்த குடும்பம் ஒன்று குறுக்கே போயிற்று. அது போகும்வரை நின்றுவிட்டு அவர் கூப்பிட்டார்.

“பிரமிளா, நில்லு.”

“இன்னா மாமா? நேரமாச்சி.”

“பெட்டிக்குள்ள பஞ்சு கீது.”

அவளுக்குப் புரியவில்லை. “எந்தப் பஞ்சு?”

“எலவம்பஞ்சு. தலகாணியில இருந்து எடுத்தது. நீ குளிக்கப் போனப்ப நான்தான் அடச்சேன்.” சட்டைப்பையிலிருந்து ஈட்டியை எடுத்து நீட்டினார். “இது, இப்ப வர்ற வழியில எடுக்கப் போய் வந்துடுச்சி.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் பதிலுக்கு நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தார். அவள் கத்தவில்லை. அந்த ஈட்டியை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஏன் மாமா?”

“காந்தத்த நம்பி எப்டிப் பஸ்ல ஏத்தறது? ஆடுமேன்னு…”

“ஆடாதுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்.”

“நீ சொன்ன. நான் பாக்கல.”

பயணிகள் உட்காரும் சிமெண்ட் பெஞ்சில் பெட்டியை வைத்துத் திறந்தாள். காற்று வராமல் அவர் வேட்டியை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். மேல்பஞ்சு சுலபமாக வந்துவிட்டது. சிப்பாய்கள் உள்ளே நேராகத்தான் நின்றார்கள், ஒன்றுகூடச் சாயவில்லை. ஆனால் வாள் முனையிலும் ஈட்டி நுனியிலும் பஞ்சு இழை சிக்கியிருந்தது. அவள் நகத்தால் முயன்றாள். முடியவில்லை.

அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கிய முள்வாங்கியை அவிழ்த்து நீட்டினார். வாங்கிக்கொண்டாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. மூச்சைப் பிடித்து ஒவ்வொரு இழையாக இழுத்தாள். நடுவில் போன் அடித்தது. சுதீர்.

“இன்னா ஆச்சி? வேன்காரனுக்கு இன்னிக்குள்ள சொல்லணுமாம்.”

“அப்பால சொல்றேன்.” வைத்துவிட்டாள்.

கடைசியாக டிராகன். முன்பக்கம் தப்பித்திருந்தது. முதுகிலும் ஒரு இறக்கையிலும் பஞ்சு அப்பிக்கிடந்தது. முள்வாங்கியால் இழுத்தபோது பஞ்சோடு செதிலின் பச்சையும் உரிந்து வந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

“தண்ணி வச்சித் தொடச்சா?” என்றார்.

“ஒண்ணும் செய்யாதீங்க மாமா. நீங்க ஒண்ணுமே செய்யாதீங்க.”

அதற்குப்பிறகு பெட்டியை அவள்தான் சுமந்தாள்.

சாய்குமாரின் கடை பைராகிப்பட்டடையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நீளமான மேஜை, அதன்மேல் மலை, பாழுங்கோட்டை, ஆறு எல்லாம் அட்டையில் செய்து வைத்திருந்தார்கள். சுற்றி நாலைந்து பேர். ஒருவருக்கு வழுக்கை, பாங்க் உத்தியோகம் மாதிரி இஸ்திரிச் சட்டை. அவர்தான் இந்தப் படையைக் கேட்டவராம், சித்தூரிலிருந்து வந்திருந்தார். முனிகிருஷ்ணன் யாரும் சொல்லாமலே சுவரோரம் நின்றுகொண்டார். சாய்குமார் தாடி வைத்த இளவட்டம். பெட்டியைத் திறந்தான். ஒரு சிப்பாயை அடியைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினான்.

“கண்ணுக்குள்ள கருமணி போட்டுக்கீங்களா அக்கா?”

“போட்டேன்.”

சித்தூர்க்காரரும் குனிந்து பார்த்தார். பிறகு சாய்குமார் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தான். “எங்க கடை வழக்கம். தப்பா நெனைக்காதீங்க.” சட்டென்று தலைகீழாகக் கவிழ்த்தான்.

முனிகிருஷ்ணன் எப்போது சுவரை விட்டு வந்தார் என்று அவருக்கே தெரியாது. பெட்டிக்குக் கீழே இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார். சாய்குமார் கவிழ்த்தபடியே ஒரு உலுக்கு உலுக்கினான். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கையில் ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது படை முழுவதும் தலைகீழாக நின்றது, வௌவால் கூட்டம்போல.

“தாத்தா, பிரசாதம் வரும்னு ஏந்திக்கினு கீறியா?” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். பிரமிளா சிரிக்கவில்லை. பெட்டி நேரானதும் சாய்குமாரின் விரல் டிராகனிடம் போனது. திருப்பினான். சிரிப்பு நின்றது.

“இது இன்னா?”

“வழியில கெட்டுப்போச்சி. ஒரு சிப்பாய்க்குக் கையும் போச்சி. என் தப்பு” என்றாள்.

“நான் சித்தூர்லர்ந்து லீவு போட்டு வந்திருக்கேன்” என்றார் வழுக்கைக்காரர். “டிராகன் இல்லாம எந்தப் படைய வச்சி ஆடறது?”

“அந்தப் பொண்ணு தப்பு இல்ல” என்றார் முனிகிருஷ்ணன். குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. “நான்தான் பஞ்சு அடச்சேன். அதுக்குத் தெரியாது. ஏசறதுன்னா என்னிய ஏசு.”

சாய்குமார் அவரைப் பார்த்தான், பிறகு பிரமிளாவை. “எப்ப அக்கா ரெடி பண்ணுவீங்க? அடுத்த வாரமா?”

“இப்பவே. உங்க கடையில பெயிண்ட் இருக்குதில்ல? இவங்கல்லாம் போய் மத்தியானம் சாப்ட்டு வர்றதுக்குள்ள.”

சித்தூர்க்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். உச்சுக்கொட்டினார். “சரி, துன்னுட்டு வர்றோம். அதுக்குமேல நிக்க மாட்டேன்.”

ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். முனிகிருஷ்ணன் மாடிப்படியில் உட்கார்ந்தார். உள்ளே வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவள் முதுகு சொன்னது. கதவு இடுக்கில் அவளுடைய வலது முழங்கை மட்டும் தெரிந்தது. பிளேடால் சுரண்டும் சத்தம். உப்புத்தாள் தேய்க்கும் சத்தம். பிறகு நெடுநேரம் சத்தமே இல்லை. மருந்துக்கடைக்காரன் மேலே பார்த்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டான். “இல்ல, பொம்மைக்கு” என்றார். பசித்தது. எழுந்து போய் ஒரு டீ குடிக்கலாம். போன நேரத்தில் அவள் கூப்பிட்டால்? போகவில்லை. ஒருமுறை அந்த முழங்கை கீழே இறங்கி, உதறிக்கொண்டு, மறுபடி மேலே வந்தது.

சாப்பிடப் போனவர்கள் பேசிக்கொண்டே படியேறினார்கள். அவர் காலை மடக்கி வழிவிட்டார். பின்னாலேயே எழுந்து போய் வாசல்படியில் நின்றார்.

சிப்பாய்க்குக் கை திரும்ப வந்திருந்தது. ஒட்டு தெரியவில்லை. டிராகனைச் சாய்குமார் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தான். முதுகைப் பார்த்தான். இறக்கையைப் பார்த்தான். பிரமிளா தன் சுண்டுவிரலில் ஒட்டியிருந்த பச்சையையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த ரெக்க அந்த ரெக்க மாதிரி இல்ல அக்கா.”

“இல்ல. அதுக்கு ரெண்டு நாள் ஆச்சி. இதுக்கு அவ்ளோதான் நேரம்.”

அவன் சித்தூர்க்காரரிடம் நீட்டினான். அவர் வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். “மேஜையில வச்சா தெரியாது. உடு, ஆடலாம்.” கோட்டைச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். அத்தோடு அவர்களுக்கு இவர்கள் ஞாபகம் போய்விட்டது. பகடை உருண்டது.

சாய்குமார் குரலைத் தாழ்த்தினான். “பெயிண்ட் பத்தி எனக்கு டவுட்டே இல்ல அக்கா. மாசாமாசம் தர்றேன். ஆனா ஒண்ணு. எங்க கஸ்டமருங்க கர்னூலு, பெங்களூருன்னு கீறாங்க. பெட்டி உங்க வீட்டத் தாண்டறதுக்குள்ள ஒரு கை உள்ள பூந்துட்டா நான் யாருக்குப் பதில் சொல்றது?”

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் பூட்டை எடுத்தான். “மூடின ஒடனே பூட்டிடுங்க. ஒரு சாவி உங்ககிட்ட, இன்னொண்ணு எங்கிட்ட. வீட்ல வேற யார்கிட்டயும் குடுக்கக் கூடாது. இதுக்கு ஒத்துக்கினா அடுத்த படைய இப்பவே எடுத்துக்கினு போங்க.”

பிரமிளா மாமனார் பக்கம் திரும்பவில்லை. பூட்டை வாங்கிக்கொண்டாள். “சரி.”

வெளி வராந்தாவுக்குப் போய் சுதீருக்குப் போன் போட்டாள். “வேன் வேணான்னு சொல்லிடு” என்றாள். மறுமுனையில் என்ன கேட்டானோ, “ஆமா, கெடச்சிடுச்சி” என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

முனிகிருஷ்ணன் வாசல்படியில் நின்று, பூட்டு இருந்த அந்த இழுப்பறையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதில், பெற்ற மகன் வீட்டில், பொம்மைப் பெட்டிக்குப் பூட்டு. அவருக்காகவே ஒரு பூட்டு.

“ஏம்பா” என்றார் சாய்குமாரிடம், “பூட்டுப் போட்டா ஆடாதா?”

“ஆடாதுன்னுதான் தலகீழாவே காட்டினேனே தாத்தா.”

“நீ நின்ன எடத்துல நின்னு காட்டின. பச்சிகாபல்லம் ரோட்ல காட்டு, பாக்கலாம்.”

“பஸ்ல வந்துதுதானே? ஒண்ணாவது உழுந்துச்சா?”

“பஞ்சு இருந்துது, உழல.”

முனிகிருஷ்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கத் தொடங்கிவிட்டார்.

“மாமா, இருங்க, நானும் வர்றேன்” என்று பிரமிளா மேலேயிருந்து கூப்பிட்டாள். அடுத்த படை அடங்கிய புதுப்பெட்டி அவள் கையில் இருந்தது. வாங்கிக்கொள்ளச் சொல்லி நீட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் இருக்கும் திசை எது என்று மருந்துக்கடைக்காரனைக் கேட்டார். அவன் வலப்பக்கம் காட்டினான். அதையும் நம்பாமல் அடுத்த கடையில் ஒருமுறை கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டே வெயிலில் முன்னால் நடந்தார்.